தொட்டிலும் குடியேற்றமும்: கியூபெக் மாகாணம் தரும் பாடம்



ஒரு தேசத்தில் ஒரு சமயம் பெருகுவதும் மற்றொன்று குறைவதும் எதனால் என்னும் வினா மேல்நாடுகளில் இந்நாளில் மிகுதியாகப் பேசப்படுகின்றது. எவர் அதிகப் பிள்ளைகளைப் பெறுகின்றனரோ அவருடைய சமயமே நாளை நாட்டை ஆளும் என்பர் ஒரு சாரார். வெளியிலிருந்து வந்து குடியேறுவோரே எங்கள் சமயத்தை அழிக்கின்றனர் என்பர் மற்றொரு சாரார். இவ்விரண்டும் பெரும்பாலும் அச்சத்தினின்று பிறக்கும் பேச்சுகள். அத்தகைய பேச்சை ஆராயாமல் ஏற்பதும் தவறு. ஆராயாமல் தள்ளுவதும் தவறு. ஆகவே பிறப்பும் குடியேற்றமும் மிகத் தெளிவாக வேலை செய்த ஒரு நாட்டை எடுத்துக்கொண்டு, கணக்கோடு ஆராய்வோம். அந்நாடு கனடா தேசத்தின் கிழக்குப் பகுதியிலுள்ள கியூபெக் மாகாணமாகும்.

எண்ணிக்கை மாறும் வழிகள்

முதலில் கணக்கின் முறையை அறிதல் வேண்டும். ஒரு நூற்பாலையின் மஸ்டர் ரோலை எண்ணிப் பாருங்கள். புதிய ஆள் சேர்ந்தால் அதில் பெயர் ஏறும். ஒருவர் ஓய்வு பெற்றாலும் இறந்தாலும் பெயர் நீங்கும். வேறு ஆலையிலிருந்து மாறி வருவோரும், வேறு ஆலைக்குப் போவோரும் உண்டு. இன்னும் சிலர் பெயர் ஏட்டில் இருக்க, வேலைக்கு மட்டும் வராமல் நின்றுவிடுவர். அவர்கள் பெயரும் ஒருநாள் நீக்கப்படும்.

சமயத்தின் ஏடும் அத்தகையதே. பிறப்பு, இறப்பு, வந்து குடியேறுதல், விட்டுப் போதல், மனம் மாறுதல் ஆகிய ஐந்தினாலேயே எண்ணிக்கை மாறுகின்றது. குழந்தை இறப்புக் குறைந்த நாட்டில் ஒரு பெண் தன் வாழ்நாளில் சராசரியாக 2.1 பிள்ளைகளைப் பெற்றால், குடியேற்றமின்றியே ஜனத்தொகை குறையாது நிற்கும். அதற்குக் கீழே போனால், வெளியிலிருந்து மக்கள் வராதவரை, காலப்போக்கில் குறையும்.

வயதும் இதில் சேரும். இளைஞர் மிகுந்த கூட்டத்தில் பிறப்பு மிகும், இறப்பு குறையும். முதியோர் மிகுந்த கூட்டத்தில் இதற்கு மாறாக நிகழும். இங்கிலாந்தும் வேல்ஸும் சேர்ந்த பகுதியில் 2021 இல் எடுத்த குடிக்கணக்கின்படி, கிறிஸ்தவர்களின் நடுவயது 51. எச்சமயமும் இல்லை என்றோரின் நடுவயது 32. முஸ்லிம்களின் நடுவயது 27. நடுவயது என்பது, பாதிப்பேர் அதற்கு மேலும் பாதிப்பேர் அதற்குக் கீழும் உள்ள வயது. குடியேறி வந்தோர் பெரும்பாலும் வேலை தேடி வந்த இளைஞர் ஆதலால் அவர்தம் சமூகம் இளமையாக இருக்கின்றது. இதில் மாயமும் இல்லை, சூழ்ச்சியும் இல்லை.

தொட்டிலை நம்பிய மக்கள்

இனி கியூபெக்கின் கதைக்கு வருவோம். 1608 இல் சாம்பிளேன் என்பவர் கியூபெக் நகரை நிறுவினார். பிரெஞ்சு ஆட்சி நடந்த ஒன்றரை நூற்றாண்டில், பிரான்சிலிருந்து வந்து நிலைத்துத் தங்கியோர் சுமார் 10,000 பேரே. 1763 இல் பாரிஸ் உடன்படிக்கையால் அந்நாடு ஆங்கிலேயர் கைக்குச் சென்றபோது, அச்சிறு கூட்டம் பெருகிச் சுமார் 65,000 பேராக இருந்தது. அவர்கள் கத்தோலிக்கர், ஆள வந்தவரோ புராட்டஸ்டண்டுகள். பிரான்சிலிருந்து புதிதாக வருவோர் ஏறக்குறைய நின்றே போயினர். 1774 இல் இயற்றப்பட்ட கியூபெக் சட்டம் கத்தோலிக்க வழிபாட்டுக்கு இடம் தந்தது. எனினும் ஆங்கிலம் பேசும் பெருங்கடலில் தாம் கரைந்துபோவோம் என்னும் அச்சம் அம்மக்களை விட்டு நீங்கவில்லை.

அவர்கள் நம்பியது தொட்டிலை. இளவயதில் விவாகம், நிலமும் உழவும் ஆட்களைக் கேட்டன, பங்குக் குருமார் பெரிய குடும்பத்தைப் புகழ்ந்தனர். ஒரு வீட்டில் பத்துப் பிள்ளைகள் என்பது வியப்புக்குரிய செய்தியாக இருக்கவில்லை. 1951 இல் மாகாணத்தின் ஜனத்தொகை 40 இலட்சத்தைத் தாண்டியது. அவர்களில் பத்தில் எட்டுப் பேர் அப்பழைய பிரெஞ்சுக் குடிகளின் வழியினர். இப்பெருக்கத்துக்கு அந்நாட்டார் இட்ட பெயர் "தொட்டில்களின் பழிவாங்கல்" என்பது. போரில் இழந்ததைத் தொட்டிலால் மீட்போம் என்பது அதன் கருத்து. லூயி லாலாந்த் என்னும் இயேசு சபைக் குரு 1918 இல் இத்தலைப்பில் எழுதியபின் அச்சொல் நாடெங்கும் பரவியது.

இப்பெருக்கத்தின் விலையைக் கொடுத்தவர் யார்? தாய்மாரும் குழந்தைகளுமே. 1900 ஆம் ஆண்டளவில் மாண்ட்ரீல் நகரில் பிறந்த குழந்தைகளில் சுமார் நான்கில் ஒன்று முதலாண்டு நிறையுமுன் இறந்தது. மாகாணத் தேர்தலில் பெண்களுக்கு வாக்குரிமை 1940 இல் தான் கிட்டியது. மணமான பெண் தன் கணவன் அனுமதியின்றிச் சட்டப்படி பல காரியங்களைச் செய்ய இயலாத நிலை 1964 வரை நீடித்தது. 1940களிலும் 1950களிலும், விவாகமின்றிப் பிறந்த பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் துறவியர் நடத்திய இல்லங்களில் விடப்பட்டனர். அவர்களில் பலர் நல்லறிவுடையராய் இருந்தும் மனநோயாளர் என்று பொய்யாகப் பதியப்பட்டனர். இக்கொடுமைக்காக 1999 இல் மாகாண முதலமைச்சர் லூசியன் பூஷார் அரசின் சார்பில் மன்னிப்புக் கோரினார். தொட்டிலைப் போற்றிய சமுதாயம், தான் விரும்பாத தொட்டிலில் பிறந்த பிள்ளையைப் போற்றவில்லை என்பதை நாம் கருத்தில் இருத்தல் வேண்டும்.

ஆலைகளை நோக்கிச் சென்றோர்

பிள்ளைகள் பெருகினர், நிலம் பெருகவில்லை. 1840 முதல் 1930 வரையுள்ள காலத்தில் சுமார் 9 இலட்சம் பேர் கியூபெக்கை விட்டு, தெற்கே அமெரிக்க ஐக்கிய நாட்டின் நியூ இங்கிலாந்துப் பகுதிக்குச் சென்றனர். அவர்களை அழைத்தவை பெரும்பாலும் பஞ்சாலைகள். லோவெல், ஃபால் ரிவர், வூன்சாக்கெட், மான்செஸ்டர் என்னும் ஆலை நகரங்களில், தகப்பன், தாய், மூத்த பிள்ளைகள் என்று குடும்பம் குடும்பமாகக் கதிரிலும் தறியிலும் உழைத்தனர். ஆலையைச் சுற்றி அவர்கள் குடியிருந்த தெருக்கள் "சின்னக் கனடா" எனப்பட்டன. அங்கே தங்கள் மொழியில் கோயிலும் பள்ளியும் எழுப்பிக்கொண்டனர்.

நியூ இங்கிலாந்தின் பெரும்பகுதி பதினேழாம் நூற்றாண்டில் பியூரிட்டன்கள் என்னும் கடுமையான புராட்டஸ்டண்டுகளால் நிறுவப்பட்டது. அயர்லாந்து, கியூபெக், இத்தாலி, போர்ச்சுகல் ஆகிய இடங்களிலிருந்து வந்த கூலிமக்களால் அப்பகுதி கத்தோலிக்கர் மலிந்த இடமாயிற்று. யாரும் பிரசங்கம் செய்து மாற்றவில்லை, வேலை தேடி வந்தவர் தம் வழிபாட்டையும் உடன்கொண்டு வந்தனர், அவ்வளவே.

அப்பொழுதும் அச்சம் எழுந்தது. கியூபெக் மக்கள் பெருந்திரளாக வருமுன்னரே, அயர்லாந்துக் கத்தோலிக்கரை எதிர்த்த "நோ நத்திங்" கட்சி 1854 இல் மாசசூசெட்ஸ் சட்டசபையை ஏறக்குறைய முழுமையாகக் கைப்பற்றியது. 1881 இல் அம்மாகாணத் தொழிலாளர் புள்ளிவிவர அலுவலகத்தின் அறிக்கை, கியூபெக் தொழிலாளரை, அக்காலத்தில் இழிவாக நடத்தப்பட்ட சீனத் தொழிலாளருக்கு ஒப்பிட்டுத் தாழ்த்தியது. அம்மக்கள் கூடி எதிர்ப்புத் தெரிவித்தனர். அடுத்த ஆண்டாகிய 1882 இல், சீனத் தொழிலாளர் நாட்டுக்குள் வருவதையே அமெரிக்கா சட்டத்தால் தடுத்தது. அத்தடையும் பிற்காலத்தில் ஆசியர் அனைவருக்கும் விரிந்த தடைகளும் பௌத்த மக்கள் அந்நாட்டில் பெருகும் வழியை நெடுங்காலம் அடைத்தன. 1965 ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்துக்குப் பின்னரே அவ்வழி அகலத் திறந்தது. ஒரு நாட்டின் சமயம் எதுவாகும் என்பதை வழிபாட்டு மன்றங்கள் மட்டும் தீர்மானிப்பதில்லை. எல்லை வாயிலில் நிற்கும் அதிகாரியும் தீர்மானிக்கின்றார் என்பதற்கு இது சான்று.

இவ்வாலை நகர மக்களின் வழித்தோன்றல் ஒருவரை நம் வாசகர் அறிதல் தகும். ஜாக் கெரவாக் என்னும் எழுத்தாளர் 1922 இல் லோவெல் நகரில், கியூபெக்கிலிருந்து வந்த பெற்றோருக்குப் பிறந்தார். வீட்டு மொழி பிரெஞ்சு. ஞானஸ்நானம் கத்தோலிக்கக் கோயிலில். 1950களில் பௌத்த நூல்களைத் தாமே தேடிப் பயின்றார். 1958 இல் வெளியான "தி தர்மா பம்ஸ்" என்னும் அவருடைய நாவல் அமெரிக்க இளைஞர் பலருக்குப் பௌத்தத்தின் பெயரை அறிமுகம் செய்தது. எனினும் அவர் தம் இளமைச் சமயத்தை முற்றிலும் விட்டாரல்லர். 1969 இல் மறைந்தபோது லோவெல் நகரக் கத்தோலிக்கக் கோயிலொன்றிலேயே அவருக்கு இறுதி வழிபாடு நடந்தது. பிறப்பும் குடியேற்றமும் அவரை ஓர் இடத்தில் வைத்தன. ஆராய்ச்சி அவரை வேறிடத்துக்கு அழைத்தது. பிறந்த வீட்டின் பற்றும் அவரை விடவில்லை. ஒரு மனிதரின் சமயத்தை ஒரே காரணத்தால் விளக்கிவிட இயலாது.

1960க்குப் பின்

1960 இல் ழான் லெசாழ் என்பவரின் ஆட்சி கியூபெக்கில் தொடங்கியது. அதன்பின் நிகழ்ந்த மாறுதலை "அமைதிப் புரட்சி" என்பர். அதுவரை பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் தரும இல்லங்களையும் பெரும்பாலும் திருச்சபையே நடத்தி வந்தது. 1961 இல் மருத்துவமனைச் செலவை அரசு ஏற்றது. 1964 இல் கல்வி அமைச்சு நிறுவப்பட்டது. ஆசிரியர் பணியும் செவிலியர் பணியும் துறவற மடங்களிலிருந்து ஊதியம் பெறும் பணியாளரிடம் சென்றன. 1968 இல் போப்பாண்டவர் செயற்கைக் கருத்தடையை மறுத்து மடல் வெளியிட்டபோது, அவர் சொல்லைக் கேட்கும் நிலையில் அந்நாட்டுப் பெண்கள் பலர் இல்லை.

கணக்கைப் பாருங்கள். 1950களின் இறுதியில் கியூபெக்கில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக நான்கு பிள்ளைகள். 1970 ஐ ஒட்டிய ஆண்டுகளில் அது 2.1க்குக் கீழே இறங்கியது. 1987 இல் 1.4க்கும் கீழே சென்றது. இரு நூற்றாண்டுகளாகக் கட்டிய தொட்டில், ஒரு தலைமுறை வளர்வதற்குள் காலியாயிற்று.

வழிபாடு இன்னும் விரைவாகக் குறைந்தது. ஆனால் பெயர் உடனே நீங்கவில்லை. நாம் மேலே கூறிய ஆலை ஏட்டின் கதை இதுதான். ஞாயிறு வழிபாட்டுக்குச் செல்வதை நிறுத்திய தாயும் தந்தையும், குடிக்கணக்கில் தம்மைக் கத்தோலிக்கர் என்றே எழுதினர். பிள்ளைகளுக்கும் ஞானஸ்நானம் செய்வித்தனர். அப்பிள்ளைகள் வளர்ந்தபின் அப்பெயரையும் எழுதவில்லை. 2001 இல் நூற்றுக்கு 83 பேர் கத்தோலிக்கர். 2011 இல் 75 பேர். 2021 இல் 54 பேர். கோயில்கள் பல வேறு பணிக்கு மாறின. கியூபெக் நகரின் ஒரு கோயில் இன்று பொது நூலகம். மற்றொன்று சர்க்கஸ் வித்தை கற்பிக்கும் பள்ளி.

இங்கே ஒன்றைக் கூர்ந்து நோக்குக. தொட்டில்களைப் பெருக்கியது மொழியையும் சமயத்தையும் ஒருங்கே காப்பதற்காக. சமயம் தளர்ந்தது, மொழியோ நின்றது. ஏன்? 1977 ஆம் ஆண்டின் மொழிச் சட்டம் பிரெஞ்சு மொழியைப் பள்ளியிலும் பணியிடத்திலும் கடைத்தெருவிலும் வாழும் மொழியாக்கியது. மக்கள் அதைத் தினந்தோறும் பயன்படுத்தினர். சமயமோ அவர்களுக்குப் பள்ளியாகவும் மருத்துவமனையாகவும் பழக்கமாகவுமே பெரிதும் விளங்கியது. அவ்விரண்டையும் அரசு ஏற்றபின், பழக்கம் மட்டுமே எஞ்சியது. உள்ளத்தில் விளங்கிக்கொண்டவர் நிலைத்தனர். பழக்கத்தால் இருந்தவர் விலகினர்.

புதிதாக வந்தோர்

பிறப்புக் குறைந்த நாட்டுக்கு உழைக்கும் மக்கள் தேவை. கியூபெக் அரசு 1978 முதலும், 1991 ஆம் ஆண்டு ஒப்பந்தத்தால் மேலும் விரிவாகவும், தன் குடியேறிகளைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரத்தைப் பெற்றது. அது விரும்பியது பிரெஞ்சு மொழி அறிந்தோரை. உலகில் பிரெஞ்சு மொழி அறிந்த மக்கள் எங்கே உள்ளனர்? ஹைத்தியில், லெபனானில், அல்ஜீரியாவில், மொராக்கோவில், துனீசியாவில். ஹைத்தி மக்கள் கிறிஸ்தவர். அவர்கள் வந்ததால் மாண்ட்ரீலின் சில கோயில்களில் மீண்டும் பாட்டொலி கேட்டது. வட ஆப்பிரிக்க மக்கள் பெரும்பாலும் முஸ்லிம்கள். மொழியைக் காக்க வகுத்த திட்டமே புதிய சமயத்தையும் உள்ளே அழைத்து வந்தது.

இம்முஸ்லிம்களால் தான் கத்தோலிக்கம் குறைந்தது என்பார் கூற்று உண்மையா? கணக்கே விடை கூறும். 2001 முதல் 2021 வரை மாகாணத்தின் கத்தோலிக்கர் நூற்றுக்கு 83 இலிருந்து 54 ஆயினர், குறைவு 29. முஸ்லிம்கள் ஒன்றரையிலிருந்து ஐந்து ஆயினர், உயர்வு மூன்றரை. எச்சமயமும் இல்லை என்றோர் 6 இலிருந்து 27 ஆயினர், உயர்வு 21. இங்கிலாந்து, வேல்ஸ் கணக்கும் இவ்வாறே: அதே இருபது ஆண்டுகளில் கிறிஸ்தவர் 72 இலிருந்து 46 ஆயினர், சமயமற்றோர் 15 இலிருந்து 37 ஆயினர், முஸ்லிம்கள் 3 இலிருந்து ஆறரை ஆயினர். வாயில் வழியே உள்ளே வந்தவரைக் காட்டிலும், சொந்தப் பிள்ளைகளாய் இருந்து வெளியே சென்றவரே மிகப் பலர்.

குடியேறியோரின் பிறப்பு விகிதமும் என்றும் ஒரே நிலையில் நிற்பதில்லை. மொராக்கோவில் 1960களில் ஒரு பெண்ணுக்கு ஏழு பிள்ளைகள். இன்றோ அந்நாட்டிலேயே இரண்டரைக்கும் கீழே. மகள் பள்ளிக்குச் சென்று, பிறந்த குழந்தை பிழைக்கும் என்னும் நம்பிக்கை வந்தால், எச்சமயத்தாரின் குடும்பமும் சிறுத்துவிடுகின்றது. கியூபெக்கின் கத்தோலிக்கக் குடும்பமும் அவ்வாறே சிறுத்தது அன்றோ?

இக்கணக்கை அறியாத அச்சம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதையும் கூறுதல் கடமை. 2017 ஜனவரி 29 அன்று, கியூபெக் நகரப் பள்ளிவாசலில் தொழுகை முடித்த மக்களின்மேல் ஓர் இளைஞன் துப்பாக்கியால் சுட்டான். ஆறு பேர் மாண்டனர். அவர்கள் அனைவரும் பிழைப்பும் அமைதியும் நாடி வந்து குடியேறியோர், பிள்ளைகளின் தந்தையர். தாங்களே ஒரு காலத்தில் அயல்நாட்டு ஆலை நகரங்களில் இகழப்பட்ட மக்களின் நாட்டில் இது நிகழ்ந்தது.

நாம் கொள்ளத்தக்கவை

இவ்வாராய்ச்சியால் தெளிவன மூன்று. ஒன்று, பிறப்பும் குடியேற்றமும் சமயங்களின் எண்ணிக்கையை உண்மையாகவே மாற்றுகின்றன. அதை மறுத்தல் அறியாமை. இரண்டு, அவை நிலையான வெற்றியைத் தருவதில்லை. இரு நூற்றாண்டுப் பெருக்கம் அறுபது ஆண்டுகளில் கரைந்ததைக் கண்டோம். மூன்று, பிள்ளை வளர்ந்தபின் தானே ஆராய்ந்து ஏற்கின்றானா என்பதே நெடுங்காலக் கணக்கைத் தீர்மானிக்கின்றது.

மனமாற்றத்தின் வலிமையை நம் தேசத்தின் கணக்கிலும் காணலாம். 1951 இல் இந்தியாவில் பௌத்தர் சுமார் 1.8 இலட்சம், 1956 ஆம் ஆண்டு நாகபுரி தீட்சைக்குப்பின் எடுத்த 1961 ஆம் ஆண்டுக் கணக்கில் 32 இலட்சத்துக்கு மேல். எந்தத் தொட்டிலும் எந்தக் கப்பலும் பத்தாண்டுகளில் இதைச் செய்ய இயலாது. ஆனால் இக்கணக்கு பெற்றோர் தலைமுறைக்கு உரியது. அவர்கள் ஏன் ஏற்றோம் என்பதை அறிந்து ஏற்றனர். அவர்தம் பேரப்பிள்ளைகளின் பெயரை ஏட்டில் எழுதுவோர் வேறு யாரோ. அப்பிள்ளைகள் பிறப்பினாலேயே பௌத்தர் ஆகின்றனர். பிறப்பால் வரும் உயர்வு தாழ்வை மறுத்த அறத்தைப் பிறப்பால் மட்டும் வரும் சொத்தாக்கிவிட்டால், கியூபெக்கின் கோயில்களுக்கு நேர்ந்தது நம் விகாரைகளுக்கும் நேரும்.

ஆகையால் ஞாயிறு வகுப்பில் பிள்ளை வினா எழுப்பினால் அதட்டாதீர்கள்; விடை அறிந்து சொல்லுங்கள். பெண்மக்களைப் பிள்ளை பெறும் கருவியாக எண்ணும் பேச்சு நம் இல்லங்களில் ஒலிக்க இடந்தராதீர்கள். பிறர் எத்தனை பிள்ளைகள் பெறுகின்றனர் என்று எண்ணி அஞ்சும் பேச்சு நம் கூட்டங்களில் எழுந்தால், அங்கேயே கணக்கைக் காட்டி நிறுத்துங்கள்.

வகுப்பில் ஆராய வேண்டிய வினாக்கள்

1. எண்ணிக்கை மாறும் ஐந்து வழிகள் யாவை? நம் சங்கத்தின் உறுப்பினர் ஏடு அவற்றுள் எவற்றால் மாறி வருகின்றது?

2. கியூபெக்கில் மொழி நிலைத்துச் சமயம் தளர்ந்தது ஏன்?

3. குடியேறியோரால் தங்கள் சமயம் அழிந்தது என்பாருக்கு எந்த எண்களைக் காட்டி விடை கூறுவீர்கள்?

4. உங்கள் இல்லத்துப் பிள்ளை "நான் ஏன் பௌத்தன்?" என்று கேட்டால், "நீ எங்களுக்குப் பிறந்ததால்" என்பதைத் தவிர வேறு என்ன விடை வைத்துள்ளீர்கள்? எழுதி வந்து வகுப்பில் படியுங்கள்.